குரலும் உடல்நலமும்

ஏற்றம் இறைத்த நாட்களில் கிணற்றடியில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஏற்றமரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்து அதைத் தாழ்த்தி உயர்த்துபவரும், கீழே நின்று சால் பிடித்து நீரைக் கவிழ்ப்பவரும் ஒரே பாட்டைப் பகிர்ந்து பாடினர். எத்தனை சால் இறைத்தாயிற்று என்னும் கணக்கும் அப்பாட்டிலேயே அடங்கியிருந்தது. நாற்று நடவிலும், களையெடுப்பிலும், கேழ்வரகு அடிக்கும் களத்திலும் பெண்கள் பாடினர். நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும்போதும், தறிக்குழியில் அமர்ந்து மிதிக்குத் தக்கபடி நாடாவை ஓட்டும்போதும், ஒரு முணுமுணுப்பேனும் உடன் இருந்தது.

மின்சார இறைப்பான் வந்தபின் ஏற்றப் பாட்டு நின்றது. விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேளாது. பாட்டுக்கு அங்கே இடமேது? இன்று நம் செவிக்கு இசை குறைவின்றிக் கிடைக்கிறது. வானொலியிலும், தொலைக்காட்சியிலும், சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியிலும் வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கிறோம். ஆனால் நாமே வாய் திறந்து பாடுவது அருகிவிட்டது. இந்த மாற்றத்தால் நம் உடல்நலத்திற்கு ஏதேனும் நட்டம் உண்டாயிற்றா? பாடுவதால் நோய்க்கும் நொந்த மனத்திற்கும் உண்மையில் பயன் உண்டா? உண்டெனில் எவ்வளவு, எதுவரை? இவ்வினாக்களுக்கு மருத்துவ ஆராய்ச்சி அண்மைக் காலத்தில் ஓரளவு தெளிவான விடைகளைத் தந்துள்ளது. தருமபுரி மாவட்டத்து உழவரும் நெசவாளரும் அவற்றை அறிந்திருப்பது நன்று.

தகடூர்க் காலத்துச் செய்தி

நம் மாவட்டத் தலைநகரின் பழம்பெயர் தகடூர் என்பதும், அதியமான் நெடுமான் அஞ்சி அங்கிருந்து ஆண்டான் என்பதும், ஔவையார் அவனுக்கு நண்பராக விளங்கினார் என்பதும் யாவரும் அறிந்தவை. அத்தகடூரை வென்ற சேரமன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில்கிழார் என்னும் புலவர். அவர் பாடிய வேறொரு செய்யுள் புறநானூற்றில் 281-ஆம் பாட்டாக உள்ளது. போரில் புண்பட்டு வீட்டில் கிடக்கும் வீரன் ஒருவனைப் பெண்கள் எவ்வாறு பேணினர் என்பதை அது சொல்கிறது.

வீட்டில் இரவமர இலையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மெல்லக் கையெடுத்து மையைப் பூசுகின்றனர். வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர். குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண்ணைப் பாடுகின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர். புண்பட்டவனைக் காப்போம் வாருங்கள் என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். வேம்பும் காஞ்சிப் பாட்டும் புண்பட்டோர் வீட்டுக்கு உரியவை என்பதைப் புறநானூற்றின் 296-ஆம் பாட்டும் குறிப்பிடுகிறது.

இச்செய்தியில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்பெண்கள் பாட்டை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. மருந்தும் பூசினர், புகையும் இட்டனர், உடனிருந்தும் காத்தனர். பாட்டு இவற்றோடு சேர்ந்து நின்றது. மருந்தும் பாட்டும் தத்தம் இடத்தில் நின்று ஒன்றுக்கொன்று துணை செய்த அம்முறை, இன்றைய மருத்துவம் சொல்வதோடும் பெரிதும் ஒத்துப்போகிறது.

மருத்துவரும் உழவரும் இசைவாணருமான ஒருவர்

அண்மைக் காலத்திலும் மருத்துவத்தையும் இசையையும் ஒருங்கே கைக்கொண்ட பெரியார் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டில் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவம் பயின்று, தஞ்சாவூரில் மருத்துவராகப் பெயர் பெற்றார். நகருக்கு வெளியே பெரும் பண்ணை ஒன்றை அமைத்து வேளாண்மையும் செய்தார். 1912-ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-ஆம் ஆண்டில் "கருணாமிர்த சாகரம்" என்னும் பெரும் இசை நூலை வெளியிட்டு, 1919-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பொருள் ஈட்டியது மருந்தாலும் பண்ணையாலும்; அப்பொருளைத் தாராளமாகச் செலவிட்டது இசைக்கு. மருத்துவமும், உழவும், இசையும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் முரண்பாடின்றி இணைந்து நிற்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

பாடும்போது உடலில் நடப்பது என்ன?

அமைதியாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை வரை மூச்சு விடுகிறார். உள்ளிழுக்கும் நேரமும் வெளிவிடும் நேரமும் பெரிதும் வேறுபடுவதில்லை. பாடத் தொடங்கியவுடன் இக்கணக்கு மாறிவிடுகிறது. ஓர் அடியை முடிக்கும்வரை மூச்சை அடக்கிச் சிறிது சிறிதாக விடவேண்டும். அடி முடிந்ததும் விரைந்து ஒருமுறை இழுத்துக்கொள்ள வேண்டும். இதனால் உள்மூச்சு குறுகி வெளிமூச்சு நீளுகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே விரிந்துள்ள உதரவிதானம் என்னும் தசையும், வயிற்றுத் தசைகளும், விலா எலும்புகளின் இடைத்தசைகளும் இதற்காக உழைக்கின்றன. ஆகவே பாடுவது ஒருவகை உடற்பயிற்சியே.

மூச்சு நிதானப்படும்போது இதயமும் அதனோடு இயைந்து நடக்கிறது. இத்தாலி நாட்டு மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. நலமுள்ள 23 பேரை அவர்கள் சோதித்தனர். கிறிஸ்தவர் செபமாலையில் உருட்டிச் சொல்லும் மன்றாட்டை இலத்தீன் மொழியில் சொன்னபோதும், பௌத்தர் ஓதும் மந்திரத்தைச் சொன்னபோதும், அவர்களது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவுக்குத் தாழ்ந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க உடலுக்குள் இயங்கும் அமைப்பும் அப்போது நன்கு வேலை செய்தது. எச்சமயத்துச் சொல்லாயினும் பயன் ஒன்றாகவே இருந்தது. ஆகவே சொல்லின் பொருளைவிட, ஓதும் தாளத்தால் மூச்சு பெறும் ஒழுங்கே அப்பயனுக்குக் காரணம் என்று கொள்ளலாம்.

வாயை மூடிக்கொண்டு "ம்" என்று ரீங்காரமிடுவதிலும் ஒரு வியப்பு உண்டு. மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் ஆகிய இருவரும், சும்மா மூச்சு விடும்போது மூக்கின் வழியே வெளிவரும் அவ்வாயுவைவிட ரீங்காரமிடும்போது ஏறத்தாழ 15 மடங்கு மிகுதியாக வெளிவருவதை 2002-ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். ஒலியின் அதிர்வால் அக்குழிகளில் காற்றோட்டம் பெருகுவதே இதற்குக் காரணம். எனினும் ரீங்காரத்தால் இன்ன நோய் தீர்ந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நாமும் அவ்வாறு சொல்லலாகாது.

மூச்சுத் திணறலும் பாட்டும்

நம் பகுதியில் மூச்சு நோய்க்குக் காரணங்கள் பல. விறகடுப்பின் புகையில் பல்லாண்டு சமைத்த பெண்களுக்குப் புகை பிடிக்காமலே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. பீடி, சுருட்டுப் பழக்கமுள்ள ஆண்களுக்கும் அது வருகிறது. பஞ்சுத் தூசியில் உழைப்பவரும், பட்டுக்கூட்டை வெந்நீரிலிட்டு நூலெடுப்பவரும் மூச்சுத் தொல்லைக்கு ஆளாகின்றனர். இந்நோயில் நுரையீரலில் தங்கிய பழைய காற்று முழுதும் வெளியேறாது; நோயாளி பதற்றத்தால் மேலும் மேலும் மேல்மூச்சு வாங்குவார். வெளிமூச்சை நீட்டப் பழகுவது இத்தகையோருக்கு உதவும். பாட்டு அப்பழக்கத்தைச் சலிப்பின்றித் தருகிறது.

பாடுதல் இந்நோயாளிகளுக்கு எவ்வளவு உதவுகிறது என்பது பற்றி அதுவரை நடந்த சோதனைகளை 2017-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வமைப்பு தொகுத்து மதிப்பிட்டது. தகுதியான சோதனைகளாக அதற்குக் கிடைத்தவை மூன்றே, அவையும் சிறியவை. பாடுவதால் தீங்கொன்றும் நேரவில்லை என்றும், உடல்நிலை சார்ந்த வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது என்றும், ஆனால் மூச்சுத் திணறல் குறைந்ததாக உறுதி கூற இயலாது என்றும் அது முடிவுரைத்தது.

கொரோனாக் காய்ச்சலுக்குப் பின்னர் மாதக்கணக்கில் மூச்சுத் திணறலோடு துன்புற்றவர்களுக்காக 2020-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஒரு முயற்சி தொடங்கிற்று. ஆங்கில தேசிய இசைநாடகக் கழகமும் மருத்துவர்களும் கூடி ஆறு வாரப் பாடற்பயிற்சி ஒன்றை வகுத்தனர். நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் கூடிப் பாடினர். 150 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாடியவர்களின் மனநிலை மேம்பட்டது. ஓடும்போது உண்டாகும் மூச்சுத் திணறலும் ஓரளவு குறைந்தது. அவர்களுக்குப் பயிற்சிக்கென்று தேர்ந்தெடுத்த பாட்டுகள் எவை தெரியுமா? தாலாட்டுகள். எளிய மெட்டும், நீண்ட மூச்சும், அமைதி தரும் இயல்பும் உடையவை என்பதால் அவற்றைத் தேர்ந்தனர். நம் வீட்டுப் பாட்டிமார் கட்டணமின்றிக் கற்பித்த பாடம் அங்கே மருத்துவப் பயிற்சியாயிற்று!

பேச்சிழந்தவர் பாடுதல்

பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பழுதுற்றவர்களில் சிலர் பேச்சை இழந்துவிடுகின்றனர். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் சொல் எழாத அவர்கள், இளமையில் பழகிய பாட்டைச் சொல்லோடு பாடிவிடுவதைக் கண்டு வீட்டார் வியப்பதுண்டு. இதனை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1973-ஆம் ஆண்டில் ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். அன்றாடச் சொற்றொடர்களை இழுத்து இசைபோலச் சொல்லச் செய்து, இடக்கையால் தாளம் தட்டச் செய்து, பின்னர் இசையைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவதே அம்முறை. 2011-ஆம் ஆண்டில் தலையில் குண்டடிபட்டுப் பேச்சிழந்த அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ், சொற்களை மீட்பதற்குப் பாட்டைத் துணைகொண்டார். எல்லோருக்கும் இம்முறை ஒன்றுபோல் பயன்படுவதில்லை. பயிற்சி பெற்ற பேச்சு மருத்துவரின் துணையும், மாதக்கணக்கான பொறுமையும் வேண்டும்.

கைநடுக்கத்தோடு குரலும் ஒடுங்கிப்போகும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, "ஆ" என்று உரத்த குரலில் நீட்டி ஒலிக்கும் பயிற்சி 1987-ஆம் ஆண்டு முதல் அளிக்கப்படுகிறது. பிரிட்டனில் 388 பேரை வைத்து நடந்த சோதனையில், வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிட இதுவே மிகுந்த பயன் தந்ததாக 2024-ஆம் ஆண்டில் அறிவித்தனர். முதியோர் உள்ள வீடுகள் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.

தொட்டிலும் பாட்டும்

தாலாட்டு குழந்தைக்கும் தாய்க்கும் ஒருங்கே நன்மை செய்கிறது. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெற்றோர் தாமே விரும்பிய பாட்டைத் தாலாட்டாகப் பாடியபோது குழந்தைகளின் இதயத்துடிப்பு அமைதியடைந்தது. பாலருந்துவதும் உறங்குவதும் சீர்ப்பட்டன. பெற்றோரின் கவலையும் குறைந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்ற 134 தாய்மாரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய சோதனையின் முடிவு 2018-ஆம் ஆண்டில் வந்தது. சோர்வு மிகுந்திருந்தவருள், குழந்தையோடு கூடிப் பாடிய குழுவினர் மற்றவரைவிட விரைவில் தேறினர். பேற்றுக்குப் பின் பெண் அழுதுகொண்டே இருந்தால் அதைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளாமல், அது ஒரு நோய் என்பதை உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பாட்டும் உறவினர் துணையும் அச்சிகிச்சைக்கு உறுதுணையாகும்.

தொட்டிலைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டம் மறைக்கவியலாத துயரம் ஒன்றும் உண்டு. 1990-களில் பெண் சிசுக்கொலை நடந்த இடங்களுள் தருமபுரி மாவட்டமும் ஒன்று. கிருஷ்ணகிரி 2004-ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே அந்நாளைய தருமபுரி மிகப் பரந்தது. அக்கொடுமையை ஒழிக்க 1998-ஆம் ஆண்டில் கலைப்பயணம் என்னும் இயக்கம் புறப்பட்டது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாடியும் நடித்தும் பெண்மகவின் உயிருக்காக மக்களிடம் வாதாடின. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 1997 முதல் 1999 வரை இங்கு நடந்த அம்மக்கள் இயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். சட்டத்தின் அச்சுறுத்தல் எட்டாத வீட்டு முற்றத்திற்கும் பாட்டு சென்றது. கிராமச் சுகாதாரச் செவிலியரின் உழைப்பும் அரசின் முயற்சியும் அதனோடு இணைந்து நின்றன. ஓர் ஊரின் மனத்தை நலப்படுத்தவும் பாட்டு துணைநிற்கும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

ஒப்பாரி என்னும் வடிகால்

இறப்பு நேர்ந்த வீட்டில் பெண்கள் கட்டியணைத்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதை நாகரிகமற்றது என்று எண்ணுவோர் பெருகிவிட்டனர். நகரங்களில் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலறிஞர் இசபெல் கிளார்க்-டெசே 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். பாடும் பெண் இறந்தவரை முன்னிட்டுத் தன் வாழ்க்கைத் துயரத்தையே பாடுகிறாள் என்பது அவர் கண்டது. புகுந்த வீட்டில் பட்ட பாடும், பிறந்த வீட்டின் புறக்கணிப்பும், வேறெங்கும் வாய்விட்டுச் சொல்ல இயலாதவை. ஒப்பாரியில் அவற்றை ஊர் முன்னிலையில் சொல்லலாம், யாரும் தடுப்பதில்லை. உடன் இருப்போர் சேர்ந்து அழுகின்றனர். வட மாவட்டங்களில் கருமாதி இரவில் கர்ணமோட்சக் கூத்து நடத்துவதும் இவ்வாறே வீட்டுத் துயரை ஊர்த் துயராக்கி ஆற்றும் வழக்கமாகும். துக்கத்தை அடக்கி வைத்துத் தனியே வாடுவதைவிடப் பலரோடு சேர்ந்து குரலெடுத்து அழுவது நலம். ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டியரை ஏளனம் செய்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லை எது?

இவ்வளவும் சொன்னபின் எச்சரிக்கையும் சொல்லாமல் விடலாகாது. இன்ன இராகம் நீரிழிவைத் தீர்க்கும், இன்ன இராகம் இரத்தக் கொதிப்பை ஒழிக்கும் என்று பட்டியல் கொடுத்துப் பணம் பெறுவோர் உளர். மருந்தை விட்டுவிட்டு இராகத்தை நம்பும் அளவுக்கு உறுதியான சான்று எதுவும் அவற்றுக்கு இல்லை. இன்சுலினையோ, காசநோய் மருந்தையோ, இரத்தக் கொதிப்பு மாத்திரையையோ பாட்டை நம்பி நிறுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

இதனினும் கொடியது பாம்புக்கடிக்கு மந்திரிப்பது. கடிபட்டவரை மந்திரவாதியிடம் கொண்டுசென்று, அவர் ஓதி முடிக்கும்வரை காத்திருப்பதில் உயிர் போய்விடுகிறது. நஞ்சில்லாப் பாம்பு கடித்தவரும், கடித்தும் நஞ்சு செலுத்தப்படாதவரும் தாமே பிழைத்துக்கொள்வர். அப்புகழ் மந்திரத்திற்குப் போய்ச் சேரும். நல்ல பாம்பின் நஞ்சு ஏறியவர் அவ்வாறு பிழைப்பதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர், வயலில் உழைப்பவர்.

நஞ்சு முறிவு மருந்து ஒன்றே இதற்கு மருந்து. அம்மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் முன்னிற்பது, நம்மைப் போன்ற ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பது நாம் பெருமைப்படத்தக்கது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. கடிபட்டவரை அசையவிடாமல் படுக்கவைத்து, 108 ஊர்தியையோ கிடைத்த வண்டியையோ கொண்டு அரசு மருத்துவமனைக்கு உடனே சேர்ப்பிக்க வேண்டும். தருமபுரியில் 2008-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியே உள்ளது. வழியில் அவர் அஞ்சாதிருக்க ஆறுதல் சொல்லலாம். விரும்பினால் பாடியும் தேற்றலாம். ஆனால் வண்டி நிற்கலாகாது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

மேலே கூறிய சோதனைகளில் பல ஒருவர் தனித்துப் பாடியவை அல்ல. குழுவாகக் கூடிப் பாடியவை. பயிற்சி மூச்சுக்கு உதவுகிறது. கூடியிருத்தல் மனத்திற்கு உதவுகிறது. தனியே தறியில் அமர்ந்து உழைப்பவருக்கும், பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கும் இவ்விரண்டும் தேவை. ஆட்களைக் கூட்டுவதும், ஒழுங்காக நடத்துவதும், கணக்கு வைப்பதும் கூட்டுறவுச் சங்கத்திற்குப் புதிய வேலைகள் அல்ல. ஆகவே பின்வருவனவற்றை உறுப்பினர்கள் தத்தம் சங்கத்தில் ஆலோசிக்கலாம்.

முதலாவது, வாரத்தில் ஒரு மாலை அரைமணி நேரம் சங்கக் கட்டடத்தின் முற்றத்தில் கூடிப் பாடலாம். ஏற்றப் பாட்டும், நடவுப் பாட்டும், கும்மியும், தாலாட்டும் அறிந்த முதியோர் ஊருக்கு இருவரேனும் இருப்பர். அவர்களே ஆசிரியர்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் நம் பழைய முறை, குரல் வளம் இல்லாதவருக்கும் எளிது. மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டா.

இரண்டாவது, முதுகை நிமிர்த்தி அமர்ந்து, தோளை உயர்த்தாமல், வயிறு முன்னே வருமாறு மூச்சிழுத்துப் பழக வேண்டும். தொடக்கத்தில் சிறு அடிகளைப் பாடி, நாளடைவில் நீண்ட அடிகளுக்குச் செல்லலாம். தலைசுற்றல், மார்புவலி, கடும் மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். இதயநோய், ஆஸ்துமா உள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

மூன்றாவது, திறந்த வெளியில்தான் பாட வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அடைத்த மண்டபத்தில் 61 பேர் கூடிப் பாடிப் பழகினர். அவர்களில் ஒருவருக்குக் கொரோனா நோய்க்குறி இருந்தது. பின்னர் 53 பேருக்கு அந்நோய் கண்டது, இருவர் இறந்தனர். பாடும்போது நோய்க்கிருமி மிகுதியாகக் காற்றில் பரவும். ஆகவே சளியும் காய்ச்சலும் உள்ளவர் அன்று வீட்டில் இருப்பதே முறை.

நான்காவது, இக்கூட்டத்தை உடல்நலச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மூன்று வாரத்திற்கு மேல் குரல் கம்மியிருந்தால், குறிப்பாகப் புகையிலை, பீடி பழகியவர்கள், தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். வாரந்தோறும் கூடிப் பாடுவோர் ஒருவர் குரலின் மாறுதலை மற்றவர் எளிதில் கண்டுகொள்வர்.

ஐந்தாவது, முதியோர் பாடுவதை இளைஞர் கைப்பேசியில் பதிவு செய்து, பாடியவர் பெயரும் ஊரும் குறித்துச் சங்கத்தில் பாதுகாக்கலாம். ஏற்றம் இறைத்த கடைசித் தலைமுறை இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களோடு அப்பாட்டுகளும் போய்விடுமாயின் திரும்பக் கிடைக்கமாட்டா.

இவற்றுக்கு மூலதனம் வேண்டியதில்லை; அரசாங்க மானியத்திற்கு மனுப்போட வேண்டியதில்லை. பாட்டால் நோயெல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் நம்பவும் வேண்டியதில்லை. மருந்தை மருத்துவரிடம் பெறுவோம். மூச்சுக்கும் மனத்துக்கும் வேண்டிய துணையை ஒருவருக்கொருவர் பாடித் தருவோம். வரும் மாதப் பொதுக்குழுக் கூட்டம் முடிந்ததும் கலைந்து செல்வதற்கு முன்னர், வந்திருப்போரில் மூத்த ஒருவரை ஒரு பாட்டெடுத்துக் கொடுக்கும்படி கேட்டுப் பாருங்கள். மற்றவர் வாங்கிப் பாடினால் வேலை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.